டெபியன் சார்ஜ்: மோடம் இணைகிறது, ஒரு பக்கமும் திறக்கவில்லை, கொஞ்ச நேரத்தில் அதுவாகவே அறுந்துபோகிறது

அச்சுக்கோப்பு (காரைக்குடி) எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். காரைக்குடியில் சின்னதாக ஒரு டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கும்பாபிஷேக நோட்டீஸ், இதுதான் பிழைப்பு. பல வண்ண வேலை வந்தால் அச்சுக்குச் சிவகாசிக்கு அனுப்ப வேண்டும். இதுவரை சிடியில் எழுதி பஸ்ஸில் கொடுத்துவிடுவோம். இப்போது பிரஸ்காரர்கள் மெயிலில் அனுப்பச் சொல்கிறார்கள்.

கடையில் இரண்டு கம்ப்யூட்டர். பழையதில் விண்டோஸ் 98, பேஜ்மேக்கர் அதில்தான் ஓடுகிறது. புதியதில் டெபியன் லினக்ஸின் சார்ஜ் பதிப்பைப் போட்டிருக்கிறேன். கோப்புகளை மாற்றிக்கொள்ள இரண்டுக்கும் நடுவே ஒரு கிராஸ் கேபிள். 98-க்கு 192.168.0.1, டெபியனுக்கு 192.168.0.2.

பழைய பெட்டிக்குள் இருக்கிற மோடம் வின்மோடம் (விண்டோஸ் மென்பொருளை நம்பி ஓடுகிற வகை) என்பதால் அதைத் தொடவில்லை. சீரியல் போர்ட்டில் மாட்டுகிற 56கே வெளி மோடம் ஒன்று வாங்கினேன். டயல் செய்ய டபிள்யூவிடயல் என்ற நிரல். அதன் அமைப்புக் கருவியான டபிள்யூவிடயல்கான்ஃப் ஓட்டியதும் மோடம் டிடிஒய்எஸ்0-இல் (முதல் சீரியல் போர்ட்) இருக்கிறது என்று உடனே கண்டுபிடித்துவிட்டது. முதலில் 'நோ டயல்டோன்' என்று அடம்பிடித்தது. மோடத்துக்கு அனுப்புகிற துவக்க வரியில் எக்ஸ்3 (டயல்டோனுக்குக் காத்திருக்காதே) சேர்த்தபின் அது சரியாகிவிட்டது.

இப்போது எண்ணைச் சுழற்றுகிறது, கத்துகிறது, கத்தல் நின்றதும் 'கனெக்ட் 115200' என்கிறது. அப்புறம் 'டோன்ட் நோ வாட் டு டூ! ஸ்டார்ட்டிங் பிபிபிடி அண்ட் ஹோப்பிங் ஃபார் தி பெஸ்ட்' என்று ஒரு வரி. படித்ததும் எனக்கே சிரிப்பு வந்தது. அதற்குப் பிறகு நம்முடைய ஐபி, எதிர்முனை ஐபி, இரண்டு டிஎன்எஸ் (தளத்தின் பெயரை எண்ணாக மாற்றித் தரும் சர்வர்) முகவரி எல்லாம் ஒழுங்காக வருகின்றன. ஆனால் ஃபயர்ஃபாக்ஸில் ஒரு பக்கம்கூடத் திறக்கவில்லை. என்ன ஏது என்று பார்ப்பதற்குள் 'லேக் ஆஃப் எல்சிபி எக்கோ ரெஸ்பான்சஸ், எக்சிட் கோட் = 15' என்று சொல்லிவிட்டு இணைப்பே போய்விடுகிறது.

இதே மோடத்தை, இதே லைனில், 98-இல் மாட்டினால் எல்லாம் வேலை செய்கிறது, அறுவதும் இல்லை. எங்கே பார்க்க வேண்டும் என்று யாராவது சொல்லுங்கள். ஒவ்வொரு முயற்சிக்கும் மீட்டர் ஓடுகிறது.

இன்னொரு சந்தேகம்: 56கே மோடம் எப்படி 115200 என்று காட்டுகிறது?


ஊர்சுத்தி எழுதியது:

டெபியனோடு ஏன் மல்லுக்கட்டுகிறீர்கள்? சிடியிலிருந்தே ஓடுகிற நாப்பிக்ஸ் லினக்ஸைப் போட்டு பூட் செய்யுங்கள். அதன் கேடிஈ டெஸ்க்டாப்பில் டயல் செய்யக் கேபிபிபி இருக்கிறது, நாலு கிளிக்கில் வேலை முடிந்தது.


இருப்புச்சட்டி (மதுரை) எழுதியது:

ஊர்சுத்தி, கேபிபிபியும் கடைசியில் அதே பிபிபிடியைத்தான் (டயல்அப் இணைப்பின் பேச்சுமுறையான பிபிபியை நடத்துகிற நிரல்) கூப்பிடுகிறது. மேலே போர்த்திய சட்டை வேறு, உள்ளே ஆள் ஒன்றுதான். லினக்ஸ் விநியோகத்தை மாற்றி இவர் பிரச்சினை போனாலும் ஏன் போனது என்று யாருக்கும் தெரியாது. அது எனக்கு ஆகாது.

தம்பி, நன்றாக எழுதியிருக்கிறீர்கள். 98-இல் ஓடுகிறது என்ற ஒரு வரியிலேயே பாதி வேலை முடிந்தது. லைன், மோடம், கணக்கு, கடவுச்சொல் நாலும் தப்பித்துவிட்டன. மிச்சம் இருப்பது டெபியன் பெட்டியின் அமைப்பு மட்டும்.

நீங்கள் ஒரே பிரச்சினையாகச் சொன்னாலும் எனக்கு இரண்டாகத் தெரிகிறது. பக்கம் திறக்காதது ஒன்று, அறுவது வேறொன்று. சேர்த்து யோசித்தால் குழம்பிவிடுவோம்.

முதலில் அந்தச் சிரிப்பு வரி. டபிள்யூவிடயல் எதிர்முனையில் 'லாகின்:' என்று ஏதாவது எழுத்து வருமா என்று காத்திருக்கும். பெரும்பாலான சர்வர்கள் இப்போது அப்படிக் கேட்பதில்லை. நேராக பிபிபி பேச ஆரம்பித்து, பெயரையும் கடவுச்சொல்லையும் பேப் என்ற சரிபார்ப்பு முறை வழியாக அதற்குள்ளேயே வாங்கிக்கொள்கின்றன. எழுத்து ஒன்றும் வராததால் டபிள்யூவிடயல் கையை விரித்துவிட்டு பிபிபிடியைக் கிளப்புகிறது. பழுது இல்லை. டபிள்யூவிடயல் டாட் கான்ஃப் என்ற அமைப்பு ஃபைலில் 'ஸ்டுப்பிட் மோட் = 1' என்று போட்டால் காத்திருக்காமல் நேரே போகும், சில விநாடி மிச்சம்.

115200 என்பது கம்ப்யூட்டருக்கும் மோடத்துக்கும் நடுவே உள்ள சீரியல் வயரின் வேகம். மோடத்துக்கும் எக்ஸ்சேஞ்சுக்கும் நடுவே என்ன வேகம் என்பது வேறு கதை. பல மோடங்களில் துவக்க வரியில் டபிள்யூ2 சேர்த்தால் அந்த உண்மையான வேகத்தைக் 'கனெக்ட்' வரியில் காட்டும். உங்கள் மோடத்தின் கையேட்டில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி பக்கம் திறக்காதது. இணைப்பு வந்த உடனே இன்னொரு டெர்மினலில் 'சூ' போட்டு நிர்வாகியாக உள்ளே போய் இந்த வரிசையில் பாருங்கள். (கட்டளைகளைக் காதில் விழுகிறபடி எழுதுகிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்து.)

இஃப்கான்ஃபிக் அடியுங்கள். பிபிபி0 (மோடம் இணைப்பு) என்று ஒரு பகுதி இருக்க வேண்டும், அதில் பி-டி-பி என்ற இடத்தில் எதிர்முனையின் ஐபி இருக்கும்.

அடுத்து இணைக்கும்போது உங்களுக்குக் கொடுத்த டிஎன்எஸ் முகவரியை, பெயராக இல்லாமல் எண்ணாகவே, பிங் செய்யுங்கள். எண்ணுக்குப் பதில் வந்து பெயருக்கு வரவில்லை என்றால் டிஎன்எஸ் முகவரிகள் இருக்கிற ரிசால்வ் டாட் கான்ஃப் ஃபைல் பக்கம் போக வேண்டும். எண்ணுக்கே பதில் இல்லை என்றால் ரூட்டிங், அதாவது பாக்கெட் போகிற வழி. 'ரூட் -என்' அடித்து, இடது ஓரத்தில் 0.0.0.0 என்று தொடங்குகிற வரியை அப்படியே இங்கே போடுங்கள். அந்த வரியின் கடைசியில் பிபிபி0 இருக்கிறதா, ஈத்0 (நெட்வொர்க் கார்டு) இருக்கிறதா என்பதுதான் எனக்கு வேண்டும். எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. டெபியன் இன்ஸ்டாலர் நெட்வொர்க் கார்டைப் பார்த்துவிட்டுக் கேட்வே (வெளியே போகும் வாசல்) என்ன என்று ஒரு கேள்வி கேட்கும். எல்லோரும் எதையாவது போட்டுவிடுவார்கள்.

அறுவதைப் பற்றி: 15 என்ற எண் முக்கியம். லைன் துண்டிக்கப்பட்டு மோடம் வைத்துவிட்டால் 16 வரும். கடவுச்சொல் தவறு என்றால் 19. 15 என்றால் உங்கள் பிபிபிடியே வேண்டுமென்று இணைப்பை அறுத்திருக்கிறது. அடுத்த முறை இணைந்ததும் கடிகாரத்தைப் பாருங்கள். சரியாக எத்தனை நேரத்தில் அறுகிறது, ஒவ்வொரு முறையும் அதே நேரமா? ஈடிசி-க்குள் பிபிபி, அதற்குள் பீயர்ஸ், அதற்குள் டபிள்யூவிடயல் என்று ஒரு ஃபைல் இருக்கும். அதில் தனி வரியாக 'டீபக்' என்று சேர்த்துவிட்டுச் சோதியுங்கள். கணினியின் பதிவேடான சிஸ்லாக்கில் பிபிபிடி அனுப்பியதும் வாங்கியதும் வரிக்கு வரி விழும்.


அச்சுக்கோப்பு எழுதியது:

அண்ணே, ரொம்ப நன்றி. சொன்னபடியே செய்தேன்.

பிபிபி0 இருக்கிறது. டிஎன்எஸ் எண்ணை பிங் செய்தால் ஒன்றும் வரவில்லை. 'ரூட் -என்'னில் அந்த வரி இப்படி இருக்கிறது: 0.0.0.0, பக்கத்தில் 192.168.0.1, கடைசியில் ஈத்0. பிபிபி0-க்கும் ஒரு வரி இருக்கிறது, ஆனால் அது எதிர்முனை ஐபிக்கு மட்டும்.

சிஸ்லாக்கில் 'நாட் ரிப்ளேசிங் எக்சிஸ்ட்டிங் டிஃபால்ட் ரூட் டு ஈத்0' என்று ஒரு வரி கண்ணில் பட்டது, அடைப்பில் 192.168.0.1.

அறுவது எப்போதும் ஏறக்குறைய இரண்டு நிமிடத்தில். கடிகாரத்தை வைத்துப் பார்த்ததில் மாற்றமே இல்லை. டீபக் போட்ட பிறகு 'சென்ட், எல்சிபி எக்கோரெக்' என்று வரிகள் வருகின்றன. 'ஆர்சிவிடி, எக்கோரெப்' என்று ஒன்றுகூட இல்லை. கடைசியில் 'நோ ரெஸ்பான்ஸ் டு 4 எக்கோ-ரெக்வெஸ்ட்ஸ்' என்று எழுதி முடித்துவிடுகிறது.


இருப்புச்சட்டி எழுதியது:

வியாதி இரண்டும் பிடிபட்டுவிட்டன.

முதலாவது: நீங்கள் கண்ட அந்த 'நாட் ரிப்ளேசிங்' வரியிலேயே விடை இருக்கிறது. டபிள்யூவிடயல் பிபிபிடியை 'டிஃபால்ட்ரூட்' என்ற விருப்பத்தோடுதான் கூப்பிடும். தனி வழி இல்லாத பாக்கெட் எல்லாம் போகிற பொது வழியை அமைக்கச் சொல்வது அது. ஆனால் ஏற்கெனவே ஒரு பொது வழி இருந்தால் பிபிபிடி அதன் மேல் கை வைக்காது. லாக்கில் ஒரு வரி எழுதிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். திரையில் எல்லாம் வெற்றி மாதிரிதான் தெரியும். உங்கள் பொது வழி கிராஸ் கேபிள் வழியாக 98 பெட்டியைக் காட்டுகிறது. ஃபயர்ஃபாக்ஸ் அனுப்புகிற ஒவ்வொரு பாக்கெட்டும் மோடத்துக்குப் போகாமல் பேஜ்மேக்கர் பெட்டிக்குப் போய், அது வாங்கி வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறது. எதிர்முனை ஐபிக்கு மட்டும் தனி வரி இருக்கிறதே, அது பிபிபி எப்போதும் போடுகிற வரி. அதை வைத்து இணையம் முழுவதையும் தொட முடியாது.

இப்போதைக்கு 'ரூட் டெல் டிஃபால்ட்' அடித்துவிட்டு டயல் செய்யுங்கள், உடனே பக்கம் திறக்கும். நிரந்தரமாக வேண்டுமென்றால் ஈடிசி-க்குள் நெட்வொர்க், அதற்குள் இன்டர்ஃபேசஸ் என்ற ஃபைலில் ஈத்0 பகுதியில் 'கேட்வே 192.168.0.1' என்ற வரியை மட்டும் எடுத்துவிடுங்கள். முகவரி, நெட்மாஸ்க் வரிகள் இருக்கட்டும், இல்லாவிட்டால் 98-க்குக் கோப்பு போகாது. பிறகு 'இஃப்டவுன் ஈத்0', 'இஃப்அப் ஈத்0'. இரண்டு பெட்டி மட்டும் பேசிக்கொள்கிற கேபிளுக்குக் கேட்வே எதற்கு? ஒரே கம்பியின் இரண்டு முனையிலும் இருக்கிறவர்களுக்கு நடுவில் ஆள் தேவையில்லை.

இன்ஸ்டாலர் நேம்சர்வர் என்ன என்றும் கேட்டிருக்கும், அங்கேயும் 192.168.0.1 போயிருக்கலாம். இணைந்தபின் ரிசால்வ் டாட் கான்ஃபைத் திறந்து, மோடம் கொண்டுவந்த இரண்டு எண்கள் அதில் இருக்கின்றனவா என்று ஒரு பார்வை பாருங்கள். பீயர்ஸ் ஃபைலில் 'யூஸ்பீயர்டிஎன்எஸ்' (எதிர்முனை தரும் டிஎன்எஸ்ஸை எடுத்துக்கொள்) இருப்பதால் இருக்க வேண்டும்.

இரண்டாவது விஷயம் எனக்குப் பிடித்தது. பிபிபி இணைப்பில் ஒரு முனை மறுமுனையிடம் 'இருக்கிறாயா?' என்று கேட்கலாம். அதுதான் எக்கோ ரெக்வெஸ்ட். பிபிபிக்கான விதி 1994-இல் வந்த ஆர்எஃப்சி 1661. இணைப்பு திறந்திருக்கும்போது இந்தக் கேள்வி வந்தால் பதில் அனுப்பியே தீர வேண்டும் என்று அதில் இருக்கிறது. டெபியனின் பிபிபி ஆப்ஷன்ஸ் ஃபைலைத் திறந்து பாருங்கள். 'எல்சிபி-எக்கோ-இன்டர்வெல் 30', 'எல்சிபி-எக்கோ-ஃபெயிலியர் 4' என்று இரண்டு வரி இருக்கும். 30 விநாடிக்கு ஒரு முறை கேள். நாலு முறை கேட்டும் பதில் இல்லை என்றால் லைன் செத்துவிட்டது என்று முடிவு செய். நாலு முப்பது எவ்வளவு? உங்கள் இரண்டு நிமிடம்.

லைன் கெட்டிருந்தால் அறுகிற நேரம் ஒவ்வொரு முறையும் மாறும். உங்களுக்கு மணி அடித்த மாதிரி இரண்டு நிமிடத்தில் அறுகிறது, வாங்கியது என்று லாக்கில் ஒன்றுமே இல்லை. ஆக எதிர்முனை சர்வர் இந்தக் கேள்விக்குப் பதிலே சொல்வதில்லை. விதியை மீறுவது அவர்கள், தண்டனை உங்களுக்கு. இணையக் கம்பெனிக்குப் போன் போட்டு இதைச் சொன்னால் விண்டோஸ் போடச் சொல்வார்கள். அந்தக் கால் சார்ஜை மிச்சப்படுத்திக்கொள்ளுங்கள்.

வைத்தியம்: அதே பீயர்ஸ் ஃபைலில் 'எல்சிபி-எக்கோ-ஃபெயிலியர் 0' என்று ஒரு வரி. ஆப்ஷன்ஸ் ஃபைலில் கை வைக்க வேண்டாம். பீயர்ஸ் அதற்குப் பிறகு படிக்கப்படுவதால் இதுதான் செல்லும், நாளைக்கு வேறு கம்பெனிக்கு மாறினால் டெபியனின் பழைய வழக்கம் அப்படியே இருக்கும். டீபக் வரியை எடுத்துவிடுங்கள், லாக் வீணாக வீங்கும்.

இதில் ஒரு ஆபத்து உண்டு. காவல்காரனை வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். மோடத்தின் கேரியர் (இரண்டு மோடங்களுக்கும் நடுவே ஓடுகிற ஒலி) போனால் பிபிபிடிக்குத் தெரிந்துவிடும், அதில் கவலை இல்லை. கேரியர் இருந்துகொண்டே எதிர்முனை உறைந்துபோனால் அது பாட்டுக்கு இணைப்பிலேயே கிடக்கும், மீட்டர் ஓடும். ஆகவே டபிள்யூவிடயல் டாட் கான்ஃபில் 'ஐடில் செகண்ட்ஸ் = 300' போட்டு வையுங்கள். ஐந்து நிமிடம் போக்குவரத்தே இல்லை என்றால் தானாக வைத்துவிடும். கடையில் டீ குடிக்கப் போய்விட்டு மறந்தாலும் இது காப்பாற்றும்.


அச்சுக்கோப்பு எழுதியது:

அண்ணே, கேட்வே வரியை எடுத்தேன், பக்கம் திறந்துவிட்டது! ரிசால்வ் ஃபைலும் நீங்கள் சொன்னபடி இருக்கிறது. எக்கோ வரி போட்டபின் அரை மணி நேரம் அறாமல் நின்றது. ஐடிலும் போட்டுவிட்டேன்.

டபிள்யூ2 சேர்த்ததில் 'கனெக்ட் 31200' என்று வருகிறது. 56 என்று சொல்லி விற்றதில் இவ்வளவுதானா? சிவகாசிக்கு 2 எம்பி கோப்பு ஒன்று அனுப்பினேன். கால் மணி நேரம் ஆனது.


தாமிரக்கம்பி எழுதியது:

கம்ப்யூட்டர் விஷயத்தை அண்ணன் பார்த்துக்கொண்டார். நான் டெலிபோன் லைன் வேலை பார்க்கிறவன், அதனால் 31200 பற்றி மட்டும் சொல்கிறேன்.

56கே என்பது வி.90 என்ற மோடம் தரம். எக்ஸ்சேஞ்சிலிருந்து உங்கள் வீடு வரை மட்டும் அனலாக், அதற்கு அந்தப் பக்கம் எல்லாம் டிஜிட்டல் என்றால்தான் அது வேலை செய்யும். நடுவில் இன்னொரு இடத்தில் அனலாக் ஆகி மறுபடி டிஜிட்டல் ஆனால் மோடம் அதற்கு முந்தைய தரமான வி.34-க்கு இறங்கிவிடும். அதன் உச்சம் 33600. 31200 என்பது அந்த வகை வேகம்தான். அதில் இது நல்ல எண். குறை சொல்ல ஒன்றுமில்லை.

இன்னொன்று, வி.90 கிடைத்தாலும் அது உங்களுக்கு வருகிற திசையில் மட்டும்தான். நீங்கள் அனுப்புகிற திசையில் அதிலும் 33600தான் உச்சம். நீங்களோ அனுப்புகிற ஆள். ஆகவே 56-ஐ நினைத்து வருத்தப்பட வேண்டாம்.

லைனை ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள், செலவில்லை. மோடத்தைக் கழற்றிவிட்டு சாதாரண போனை மாட்டுங்கள். ரிசீவரை எடுத்து ஏதாவது ஒரே ஒரு எண்ணை மட்டும் அழுத்துங்கள். டயல் டோன் நின்றுவிடும், எக்ஸ்சேஞ்ச் அடுத்த எண்ணுக்காகக் காத்திருக்கும். அந்தச் சில விநாடி காதை நன்றாக வைத்துக் கேளுங்கள். நிசப்தமாக இருந்தால் லைன் சுத்தம். கொரகொரப்பு, சடசட என்று சத்தம், 'ம்ம்ம்' என்று கரண்ட் மாதிரி முனகல் இருந்தால் எங்கோ ஜாயிண்ட் கெட்டிருக்கிறது. சுவரில் போன் வயர் வந்து சேருகிற ரோசெட் பாக்ஸைத் திறந்து பாருங்கள், ஸ்க்ரூவில் பச்சையாகக் களிம்பு பிடித்திருக்கும். வயரின் நுனியை வெட்டிவிட்டுப் புதிதாகச் சீவி மாட்டுங்கள். மழைக்காலத்தில் மட்டும் சத்தம் வந்தால் தெருவோரப் பில்லர் பாக்ஸில் ஈரம், அதைப் புகார் கொடுத்துத்தான் சரி செய்ய வேண்டும்.

கடைக்கு மேலேயோ பின்னாலேயோ வீடு இருந்து, அங்கே பேரலல் போன் போயிருந்தால் அதைக் கழற்றிவிட்டு மறுபடி டயல் செய்து பாருங்கள். பல இடங்களில் அதுதான் வேகத்தைத் தின்கிறது. மேலும் நீங்கள் கோப்பு அனுப்பும்போது வீட்டில் யாராவது ரிசீவரை எடுத்தால் அத்தோடு போச்சு.


இருப்புச்சட்டி எழுதியது:

தாமிரக்கம்பி சொன்னதை அப்படியே செய்யுங்கள்.

கால் மணி நேரம் ஆனது முழுக்க லைனால் இல்லை, மெயிலுக்கும் அதில் பங்கு உண்டு. மெயிலில் இணைக்கிற கோப்பு பேஸ்64 ஆக மாறித்தான் போகும். மூன்று பைட் நாலு எழுத்தாகிறது. உங்கள் 2 எம்பி கம்பியில் இறங்கும்போது 2.7 எம்பி ஆகிவிடும். 33600 முழுதாகக் கிடைத்தாலே விநாடிக்கு 4200 பைட். கணக்குப் போட்டால் ஏறக்குறைய பதினோரு நிமிடம், அதற்கு மேல் நெறிமுறைச் செலவு. ஆகவே அனுப்பும் முன் டிஃப் படங்களை ஜிப் செய்யுங்கள். வெள்ளைப் பரப்பு அதிகமுள்ள பத்திரிகை வேலைகள் நன்றாகவே சுருங்கும். ஜேபெக் சுருங்காது, அதை ஜிப் செய்து நேரத்தை வீணாக்காதீர்கள். பிரஸ்காரரிடம் எஃப்டிபி இருக்கிறதா என்றும் கேளுங்கள். அதில் அந்த மூன்றுக்கு நாலு என்ற கூடுதல் சுமை கிடையாது, பாதியில் அறுந்தாலும் சர்வர் இடம் கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.


அச்சுக்கோப்பு எழுதியது:

மாடியில் பேரலல் போன் இருந்தது, அம்மாவுக்காகப் போட்டது. கழற்றியதும் 33600 வந்துவிட்டது. அம்மா கோபத்தில் இருக்கிறார், அதை வேறு விதமாகப் பார்த்துக்கொள்கிறேன். பிரஸ்ஸில் எஃப்டிபி இருக்கிறதாம், கணக்கு தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

கடைசியாக ஒன்று. நான் இல்லாதபோது கடைப் பையன் டயல் செய்ய வேண்டும். அவனுக்கு 'சூ' கடவுச்சொல் கொடுக்க மனமில்லை. வழி உண்டா?


இருப்புச்சட்டி எழுதியது:

உண்டு. கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

டெபியனில் சீரியல் போர்ட்டைத் தொட 'டயல்அவுட்' குழுவும், பிபிபிடியைக் கிளப்ப 'டிப்' குழுவும் இருக்கின்றன. 'ஆட்யூசர்' கட்டளைக்குப் பின்னால் பையனின் பயனர் பெயரையும் குழுவின் பெயரையும் கொடுத்தால் சேர்ந்துவிடுவான், இரண்டு குழுவுக்கும் தனித்தனியாக. அவன் ஒருமுறை லாக்அவுட் செய்து உள்ளே வந்தால்தான் செல்லும். பலர் இதை மறந்துவிட்டு வேலை செய்யவில்லை என்று திரும்ப வருவார்கள்.

டபிள்யூவிடயல் டாட் கான்ஃபில் இணையக் கணக்கின் கடவுச்சொல் அப்பட்டமாக எழுதியிருக்கும். அந்த ஃபைலின் குழுவை 'டிப்' ஆக்கி அனுமதியை 640 என்று வையுங்கள். டயல் செய்கிறவன் படிக்கலாம், மாற்ற முடியாது, மற்றவர்களுக்குத் திறக்காது. பையன் அதைப் படித்து வீட்டில் பயன்படுத்துவானோ என்று கேட்டால் அதற்கு லினக்ஸில் வைத்தியம் இல்லை. மாதக் கடைசியில் மணிக்கணக்கைச் சரிபாருங்கள்.